எருக்குவியலுக்குத் தண்ணீர் அடித்தது பற்றி

அன்புள்ள மைத்துனன் செந்தில்நாதனுக்கு,

நெய்வேலியிலிருந்து உன் அத்தான் கருப்பசாமி எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா தமயந்தியும் நலம். காடாம்புலியூரில் நீயும் உன் முந்திரித் தோப்பும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதியது வழக்கத்துக்காகத்தான்.

போன பொங்கலுக்கு வந்தபோது, "குப்பையை எருவாக்கணும் அத்தான், பிளாக்குல நீங்க முன்ன நின்னா எல்லாரும் வருவாங்க" என்று கிளப்பிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். நின்றேன். ஒருவரும் வரவில்லை. வீடு வீடாகப் பச்சைத் தொட்டி கொடுத்தால் ஒரு வீட்டில் அதில் இட்லி அரிசி, இன்னொரு வீட்டில் துளசிச் செடி. மக்கும் குப்பையைத் தனியாகப் போடச் சொன்னால் எதிர் குவார்ட்டர்ஸ் விருத்தாம்பாள், "எல்லாம் ஒண்ணாக் கெடந்தாத்தான சார் சீக்கிரம் மக்கும்" என்கிறார். சந்தா கேட்டுப் போனால், உள்ளே டிவி அலற அலற, வீட்டில் யாரும் இல்லை என்று பதில் வருகிறது. உரக் கொட்டகையில் வேலை பார்க்கும் அன்புக்கரசிக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல், மாதக் கடைசியில் பூட்டிவிடுவது என்று ஆகிவிட்டது.

கடைசி நம்பிக்கையாக ஒரு சேவைச் சங்கத்தார், நேரில் பார்த்துவிட்டு நிதி தருவதாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். டிபன் உண்டு என்று சொல்லியிருந்ததால் பிளாக்கே திரண்டிருந்தது. அன்புக்கரசி குவியலைக் கிளறிக் காட்டினாள். குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. எரு நன்றாக வேகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று நோட்டீஸில் அச்சடித்தவனே நான்தான். ஆனால் முப்பது வருஷமாக நிலக்கரி யார்டில் கிடப்பவனுக்குப் புகையைக் கண்டால் புத்தியா வேலை செய்யும், கால்தான் வேலை செய்யும். "கரி புகையுது, தண்ணியப் போடு"ன்னு கத்திக்கிட்டே ஓடினேன். பின்னாலேயே யார்டு ஆளுங்க அத்தனை பேரும் ஓடி வந்தாங்க. கொளஞ்சிநாதன் தோட்டத்து ஹோஸைப் புடிச்சான், குமரவேல் பக்கெட்டைத் தூக்கினான். "நெருப்பு இல்லிங்க சார், வெந்துகினு இருக்குது, வுடுங்க"ன்னு அன்புக்கரசி கெஞ்சிக்கிட்டே இருக்கா, நாங்க அணைச்சு முடிச்சு ஒருத்தருக்கொருத்தர் கை குலுக்கிக்கிட்டோம். அப்புறம் கிளம்பிச்சு பாரு நாத்தம். சங்கத்துக்காரங்க மூக்கைப் பொத்திக்கிட்டு, டிபன்கூடச் சாப்பிடாம, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு கார்ல ஏறிட்டாங்க. அன்புக்கரசி மண்வெட்டியைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டா. அதுதான் எனக்குத் தாங்கலை.

ஆகவே உரக் கொட்டகைத் தலைவர் பதவியை விட்டுவிட்டேன். இனி எரு, குப்பை என்ற பேச்சை என்னிடம் எடுக்காதே. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்தக் கமிட்டியிலும் சேராமல், நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
கருப்பசாமி

பி.கு.: தபாலில் போடாமலே நாலைந்து நாள் ஓடிவிட்டது. அதற்குள் கொளஞ்சிநாதன் வந்து, "அணைச்சது நாமதானேங்க, மனசு கேக்கல" என்று யார்டு ஆட்கள் எல்லோரையும் சந்தாவில் சேர்த்துவிட்டான். உன் அக்கா போய் அன்புக்கரசியைக் கையோடு அழைத்து வந்தாள். ஈரம் இழுக்கக் காய்ந்த சருகு போட்டுப் புரட்டினோம். இன்று காலை மறுபடியும் ஆவி. யாரும் ஓடவில்லை, ஹோஸை உன் அக்கா பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு நீ இங்கு வரும்போது உன் தோப்பிலிருந்து முந்திரிச் சருகு நாலு மூட்டை கொண்டு வா. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொன்னால், உரக் கொட்டகைத் தலைவர் கேட்டதாகச் சொல்.