லிஃப்ட் அண்ணனின் வெட்டாத பாட்காஸ்ட்

சிங்கப்பூர் சின்னத் தீவு. லிஃப்ட் அண்ணனைப் போல இன்னொருவர் இருந்தால் தாங்காது. ஒருவரை வைத்துக்கொண்டே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஈசூன் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. லிஃப்ட் பழுது பார்ப்பவர், அதனால் லிஃப்ட் அண்ணன். இங்கேயே பிறந்து வளர்ந்த ஐம்பது வயதுக்காரர். நான் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவன். சுவா சூ காங்கில் வாடகை வீடு, தஞ்சோங் பகாரில் அலுவலகம். ஈசூனில் நண்பரைப் பார்க்கப் போன ஒரு நாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். வெகுநேரம் கழித்துக் கதவு இடுக்கு வழியாக ஒரு குரல் கேட்டது.

“உள்ள எத்தன பேரு?”

“ஒருத்தன்தாண்ணே!”

“அப்ப அவசரம் இல்ல லா. கோப்பி ஆறிடும்.”

கோப்பி என்றால் இங்கே காபி, ‘லா’ இந்த ஊர்ப் பேச்சுக்கு வால். கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் திறந்தார். அதுவரை நான் உள்ளேயிருந்து திட்டிய திட்டு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. “தம்பி, நல்லா பேசுற. என்கூட பாட்காஸ்ட் பண்றியா?” என்றார். அப்போதே மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்க வேண்டும். செய்யவில்லை.

இந்த ஊர் அடுக்குமாடி வீடுகளில், போர் வந்தால் ஒளிந்துகொள்ள இரும்புக் கதவோடு ஒரு சின்ன அறை உண்டு. பாம் ஷெல்ட்டர் என்பார்கள். போர் வராததால் எல்லார் வீட்டிலும் அதில் அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும்தான் இருக்கும். அண்ணன் வீட்டில் அதுவே ஒலிப்பதிவுக் கூடம். எங்கள் நிகழ்ச்சிக்குப் பெயர் ‘கதவைச் சாத்து.’ சத்தம் வரும் என்று விசிறி கிடையாது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனால், நாலரைக்கு ஆவியில் வெந்த கொழுக்கட்டையாக வெளியே வருவோம்.

என் பொறுப்பு எடிட்டிங். ஆனால் எதையும் வெட்டக் கூடாது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதுதான் அவருடைய சட்டம். இருமினால் இருமல் போகும், தும்மினால் தும்மல் போகும். ஏன் என்று கேட்டதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

“பழைய அடுக்குமாடி புளோக்குல லிஃப்ட் ஒண்ணு, அஞ்சு, ஒம்பதாவது மாடியிலதான் நிக்கும். எங்க வீடு மூணாவது மாடி. மூட்டைய தூக்கிட்டு ஏறுனவனுக்குத்தான் லா தெரியும், நடுவுல விட்டுட்டுப் போறது எவ்ளோ தப்புன்னு.”

முதல் வாரமே, பதிவின் நடுவில் அவர் மனைவி கதவைத் திறந்தார். “வெங்காயம் எடுத்துக்கிறேன், நீங்க பேசுங்க” என்றார். கூடை நிறைய எடுத்துக்கொண்டு போகும்போது, “இந்த ஜோக்க போன மாசமே எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டீங்க, அவரும் சிரிக்கல” என்றார். எல்லாம் அப்படியே போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து நேயர்கள், “அக்கா எப்ப வருவாங்க?” என்று கேட்கத் தொடங்கினார்கள். நாங்கள் இருவரும் எங்கள் நிகழ்ச்சியிலேயே துணை நடிகர்கள் ஆனோம்.

முதல் சர்ச்சை அவருடைய தொழிலில் இருந்தே வந்தது. “இந்தியாவுலேர்ந்து புதுசா வர்றவங்க லிஃப்ட்ல ஏறுனதும் கதவு மூடுற பட்டன போட்டு குத்துறாங்க. ரயிலா ஓடுது?” என்றார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், புதிதாக வந்தவன். வாட்ஸாப் குழுக்கள் தீப்பிடித்தன. மன்னிப்புக் கேட்கலாம் என்று கெஞ்சினேன். கேட்டார். எப்படி? “புதுசா வந்தவங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க. நம்ம லோக்கல் ஆளுங்க அத விட மோசம். அவங்க குத்திக்கிட்டே ஃபோன் பேசுவாங்க.” வருடக்கணக்கில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு தரப்பும் அந்த வாரம் ஒன்றாகச் சேர்ந்து எங்களைத் திட்டின.

அடுத்தது லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர். நல்ல மனிதர், எங்களுக்குக் கிடைத்த முதல் விளம்பரதாரர். அவர் கேட்டதெல்லாம் தன் ரசத்தைப் பற்றி ஒரு வரி. அண்ணன் சொன்னார்: “ரசம் பிரமாதம். சாம்பாரப் பத்தி அவரு சொல்லச் சொல்லல, அதனால நானும் சொல்லல.” நான் மேஜையில் முட்டிக்கொண்டேன். அந்தச் சத்தமும் வெட்டப்படாமல் போயிற்று. கடைக்காரரும் போனார்.

“ஏண்ணே, ஒரே ஒரு வரிதானே, வெட்டிருக்கலாமே?”

“வெட்டுனா அவரு சாம்பார் நல்லாயிடுமா?”

இப்படி வாரம் ஒரு சண்டை, வாரம் ஒரு மன்னிப்பு. ஆனாலும் கேட்பவர்கள் குறையவில்லை. ‘இவர் எதையும் மறைக்க மாட்டார்’ என்று ஒரு பேர் இருந்தது. திட்டுகிறவர்கள்கூட அதற்காகவே கேட்டார்கள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. தலைப்பு, மேலதிகாரிகள். அந்த வாரம்தான் என் மேலாளர், தான் செய்த தவறுக்கு என்னை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கிழித்திருந்தார். அண்ணன் சும்மா, “ஒன் பாஸ் எப்படி?” என்றார். அவ்வளவுதான். நான்கு நிமிடம் கொட்டித் தீர்த்தேன். பெயர் சொன்னேன், அவர் குரலில் பேசினேன், அவர் மூக்கைச் சொறிவதைக்கூட விடவில்லை. அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வெளியே வந்து காற்றுப் பட்டதும்தான் எனக்கு உறைத்தது. என் வேலை அனுமதி புதுப்பிப்பு அந்த மேலாளரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. மேலாளரின் மனைவி எங்கள் நிகழ்ச்சியின் தீவிர ரசிகை. கையெழுத்து விழாவிட்டால், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

“அண்ணே, அந்த நாலு நிமிஷத்த எடுத்துருங்கண்ணே.”

“முடியாது லா தம்பி. சொன்னா சொன்னதுதான்.”

“எங்க பொழப்பே போயிரும்ணே!”

அக்காவும் கரண்டியோடு வந்து கத்தினார். அண்ணன் பதிவு இருந்த தன் மடிக்கணினியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரை அன்று நான் வெறுத்தேன். பொய் சொல்வானேன், வெறுத்தேன்.

திங்கட்கிழமை காலை நிகழ்ச்சி வெளியாகிவிட்டது. ரயிலில் நின்றபடி கேட்டேன். ஜூரோங் ஈஸ்டில் மாற வேண்டிய இடத்தில் மாறாமல் நடைமேடையிலேயே நின்றுவிட்டேன். “ஒன் பாஸ் எப்படி?” என்ற கேள்வி வர வேண்டிய இடத்தில் டொக்கென்று ஒரு சத்தம். பிறகு அண்ணனின் குரல் மட்டும்:

“இந்த எடத்துல நான் ஒருத்தரப் பத்தி நாலு நிமிஷம் அசிங்கமா பேசிட்டேன். தம்பி வேணாம்னான், நான் கேக்கல. அத வெட்டிட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அவர் வாழ்க்கையில் செய்த முதல் வெட்டு அது. படு மோசமாக வெட்டியிருந்தார்.

அன்று கிளம்பியதுதான் பெரிய சர்ச்சை. யாரைத் திட்டினார்? சாப்பாட்டுக் கடைக்காரர் தன்னைத்தான் என்றார். புதிதாக வந்தவர்கள் தங்களைத்தான் என்றார்கள், லோக்கல் ஆட்களும் அதையே சொன்னார்கள். ‘மறைக்காத மனுஷன்னு நம்பினோமே’ என்று பழைய நேயர்கள் விலகினார்கள். கீழ்த்தளத்து கோப்பிக் கடையில் தினமும் கூட உட்கார்ந்தவர்களே மேஜை மாறி உட்கார்ந்தார்கள். அண்ணன் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து மைக்கைப் பெட்டியில் போட்டு மூடினார்.

“சொன்ன பேச்ச காப்பாத்தாதவன் மைக்க புடிக்கக் கூடாது லா” என்றார்.

நான் வாய் திறந்தேனா? இல்லை. மேலாளர் கையெழுத்துப் போட்டார். மகள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருமுறை ஆரம்பித்தேன். “சாப்டுட்டுப் போ” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த மேலாளர் இப்போது வேறு நாட்டுக்கு மாற்றலாகிவிட்டார். என்னுடைய வீரத்துக்கு அதுதான் காரணம். ஆகவே ஈசூன் கோப்பிக் கடைக்காரர்களே, விலகிப் போன நேயர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நான்கு நிமிடம் பேசியது நான். அண்ணன் அன்று யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. தயவுசெய்து அவர் மேஜைக்குத் திரும்பிப் போய் உட்காருங்கள். அவர் பேச்சு எரிச்சலாகத்தான் இருக்கும். அவரைவிட நல்ல மனிதரை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை.