மீதி மூன்று இன்ச்சு

எமனுக்குப் பயப்படாதவர்கள் ராயபுரத்தில் உண்டு. பாதி வாழ்க்கையைக் கடலில் கழிக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். ஆனால் டேப்புக்குப் பயப்படாதவர் ஒருத்தர்கூடக் கிடையாது. புயல் கூண்டு ஏற்றிய நாளில் “அத்த அப்புறம் பாத்துக்கலாம்” என்று போட்டை இறக்கிய ஆசாமிகள், அவர் கடை வந்தால் மட்டும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

டேப்பு சவப்பெட்டி செய்கிறவர். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற தெருவில் கடை. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும், நாங்கள் கேட்டதில்லை. இத்தனைக்கும் அவரிடம் டேப் என்ற வஸ்துவை யாரும் பார்த்ததில்லை. காதில் ஒரு பென்சில், இடது கண்ணை லேசாக மூடிக்கொண்டு ஒரு பார்வை, அவ்வளவுதான். ஆளைப் பார்த்தால் அளவு வந்துவிடும். மற்றவர்கள் “சாப்ட்டியா, சௌக்கியமா” என்று கேட்கும் இடத்தில் அவர் ஓர் எண்ணைச் சொல்வார். “வா நைனா, இருபத்தாறு.” இருபத்தாறு என்பது நாம் படுக்கப்போகிற பெட்டியின் அகலம். தோளும் வயிறும் சேர்த்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் இடம் விட்டு. அந்த இரண்டு விரல் எதற்கு என்று கேட்டால், “மூச்சு வுடறதுக்கு” என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

அந்தத் தெருவில் பெண்கள் காய்கறிப் பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஆண்கள் மூச்சை எக்கிக்கொண்டு நடப்பார்கள். கடை தாண்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

விசைப்படகு முதலாளி ஒருவர் இருந்தார். பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல். ஒருநாள் காலையில் நேராக டேப்பின் கடைக்கு வந்து, “காலைல தொழிலுக்குப் போறசொல்ல உன் மூஞ்சியும் பொட்டியும்தான் கண்ல படுது. கடைய காலி பண்ணு” என்று தெருவே கேட்கக் கத்தினார். டேப்பு இடது கண்ணை மூடினார். “இருபத்தொம்போது” என்றார். பிறகு உள்ளே போய்ப் பலகையை அறுக்க ஆரம்பித்துவிட்டார். முதலாளி கத்திக்கொண்டே இருக்க, உள்ளே ரம்பம் ஓடிக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் முதலாளியின் மைத்துனர் கையில் நூல் அளவோடு அழுதுகொண்டே வந்தார். பெட்டி சுவரில் சாய்ந்து தயாராக நின்றது. மாரடைப்பு. இரண்டு பக்கமும் சரியாக இரண்டிரண்டு விரல் இடம் இருந்தது என்று தூக்கியவர்கள் சொன்னார்கள்.

“எப்பிடிண்ணே தெரிஞ்சிது?” என்று நான்தான் துணிந்து கேட்டேன்.

“ரெண்டு காலும் வீங்கி கீது. நாலு வார்த்த திட்றதுக்குள்ள மூணு தபா மூச்சு வாங்கறாரு. கண்ணு இருந்தா தெரியாதா? ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லிருப்பேன், என்ன எங்க பேச வுட்டாரு?”

இந்த விளக்கத்தால் ஊர் சமாதானம் ஆகவில்லை. பேய் என்றால் ஜெபம் பண்ணி ஓட்டலாம். அந்தக் கண்ணை என்ன செய்வது?

எனக்கு மட்டும் அவரிடம் போக்குவரத்து இருந்தது. என் மனைவி ரெஜினாவுக்குப் பெட்டி செய்தவர் அவர்தான். உள்ளே வெள்ளைத் துணி தைக்கும்போது, “அம்மாவுக்குப் புடிச்ச கலரு இன்னா?” என்று கேட்டு, ஓரத்தில் நீல நாடா வைத்துக் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடம் உட்கார்ந்தே குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். ரெஜினா இருந்தவரை அளவுச் சாப்பாடு. அவள் போனபிறகு, டேப்பு கடைக்கு எதிரே இருக்கும் பஜ்ஜிக் கடைதான் எனக்கு வீடு. உடம்பும் அதற்கேற்ப வளர்ந்தது. ஷேர் ஆட்டோக்காரன், “ரெண்டு பேரு சார்ஜி குட்துடுண்ணே” என்பான். கட்டில் ஒடிந்து இரும்புக் கட்டில் வாங்கினேன். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, அந்த இரண்டும் சண்டை போடாமல் இருக்க மூன்றாவதாக ஒன்று.

“உனக்கு மட்டுமில்ல நைனா” என்பார் டேப்பு. “ஊரே பெருத்துகினு போவுது. முன்னல்லாம் இருவது இன்ச்சு அடிச்சி வச்சா அல்லாருக்கும் பத்தும். இப்ப இருவத்தஞ்சுக்குக் கீழ ஆளே வர்றதில்ல. பலகை கூட, ஆணி கூட. ஆறு பேரு தூக்கனத எட்டு பேரு தூக்கறான். அதுல ரெண்டு பேரு முதுகப் புடிச்சிகினு டாக்டருகிட்ட ஓடறான். உசுரோட இருக்கசொல்ல மாத்திரைக்குக் கொட்னது பத்தாதுன்னு, செத்தப்புறமும் செலவு.”

“உங்களுக்கு லாபம்தானேண்ணே?”

“லாபம்தான்” என்றார். முகத்தில் லாபம் தெரியவில்லை. “தூக்கறவன் பொணத்த திட்டிகினே போறான் நைனா. கனம் தாங்கல. அது பாவம், அல்லாத்தையும் கேட்டுகினே போவுதே.”

அன்று பஜ்ஜி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டோடு எழுந்துவிட்டேன்.

இந்த நிலையில் மஸ்கட்டில் இருக்கும் என் மகள் ஜெனிக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு வரச் சொல்லி டிக்கெட் அனுப்பினாள். முதல் விமான யாத்திரை. சீட்டில் உட்காரப் போனால், சீட்டு என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. கைப்பிடியை மேலே தூக்கி, பக்கத்து ஆளின் பாதி இடத்தில் வழிந்து ஒருவழியாக உட்கார்ந்தேன். பெல்ட் எட்டவில்லை. பணிப்பெண் சிரித்த முகத்தோடு ஒரு ஒட்டு பெல்ட் கொண்டுவந்து, விமானமே பார்க்க மாட்டிவிட்டாள். பக்கத்து ஆள் நான்கு மணி நேரமும் ஜன்னலோடு ஒட்டி, சுவரில் மாட்டிய காலண்டர் போல இருந்தார். திரும்பும்போது கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னொரு சீட்டுக்கும் பணம் கட்டச் சொல்லிவிட்டார். ஜெனி முகம் சுண்ட, கார்டைத் தேய்த்தாள். பக்கத்துக் காலி சீட்டுக்கும் சேர்த்து இரண்டு சாப்பாடு வரும் என்று நினைத்தேன். ஒன்றுதான் வந்தது.

ஊர் திரும்பியதும் இதையெல்லாம் டேப்பிடம் சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“சீட்டு எத்தினி இன்ச்சு?”

“பதினேழோ பதினெட்டோன்னு சொன்னாங்கண்ணே.”

“பதினேழா?” அவர் முகம் வெளுத்துவிட்டது. டேப்பு பயந்து நான் பார்த்தது அன்றுதான். “பத்து வயசுப் புள்ளைக்குக்கூட நான் பதினேழு இன்ச்சுல ஆணி அடிக்க மாட்டேன் நைனா. அதுல உசுரோட ஆள குந்தவச்சி, கட்டிப் போட்டு, கதவ சாத்தி, நாலு மணி நேரமா? என்ன பாத்து ஊரே ஓடுதே, அவன பாத்து ஒருத்தனும் ஓடலியா?”

பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். இடது கண் மெல்ல மூடியது. நான் அவசரமாக வயிற்றை எக்கினேன்.

“எக்காத. செத்தப்புறம் எக்க முடியாது” என்றார். “முப்பது.” இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு, “ரெஜினாம்மாவோட மேல் அறை இருவத்திநாலு” என்றார்.

 ரெஜினாவின் கல்லறை என் மாமனார் கட்டியது. செங்கல் சுவர் வைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அறை. கீழே ரெஜினா. மேலே காலியாக இருப்பது எனக்கு. கட்டிய காலத்தில் மனிதர்கள் ஒல்லியாக இருந்தார்கள். மாமனாரும் சிக்கனமாகத்தான் கட்டினார். தோட்டத்தில் புது இடம் கொடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அதில் நுழைய முடியாவிட்டால் என்னை ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய்ப் புதைப்பார்கள். ரெஜினா கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மேல வந்து படுத்துக்கோங்க. தனியா இருக்க எனக்குப் பயம்” என்று சொன்னவள். ஆறு இன்ச்சு வயிற்றினால் அந்த வாக்கு பொய்யாகப் போகிறது.

மறுநாளே விரதம் ஆரம்பித்தேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி. பதினொரு மணிக்கு, அந்தக் கஞ்சியை மறப்பதற்காக இரண்டு வடை. ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனால், டேப்பு பார்த்துவிட்டு எண்ணே சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் புருவத்தில் வழக்கமான மரத்தூளோடு கொஞ்சம் சிவப்புத் தூளும் ஒட்டியிருந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் கவலை எனக்கு.

அப்போதுதான் கல்லறைத் தோட்டத்து வாசலில் பூ விற்கும் பேபியம்மா என் வீடு தேடி வந்தாள்.

“அண்ணே, உன் சம்சாரம் தட்டுது.”

“இன்னா தட்டுது?”

“உள்ளருந்து தட்டுதுண்ணே! உச்சி வெயில்ல, ஆளு அரவம் இல்லாத நேரம். டக்கு, டக்குன்னு ரெண்டு. கொஞ்ச நேரம் கம்முனு கீது. அப்பால ஒண்ணு. மூணு நாளா என் காதால கேக்கறேன்.”

 ரெஜினா சாப்பாடு தயாரானதும் கரண்டியால் அடுப்படி மேடையைத் தட்டித்தான் என்னைக் கூப்பிடுவாள். டக், டக். நான் பேப்பரில் மூழ்கியிருந்தால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். இது பேபியம்மாவுக்குத் தெரிய வழியே இல்லை.

ஒரு வாரம் நான் பச்சைத்தண்ணீர் தவிர எதையும் ஒழுங்காக விழுங்கவில்லை. எட்டாம் நாள், பயத்தைவிட வெட்கம் பெரிதாகிவிட்டது. முப்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவள் கூப்பிடுகிறாள், போகாமல் இருப்பதா? ஒரு முழம் மல்லி வாங்கிக்கொண்டு நடுமத்தியானம் போனேன். பேபியம்மா என் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டு வந்தாள். அதற்குத் தாராளமாக இடம் இருந்தது.

வெயில் கொதித்தது. ஒரு காக்கைகூட இல்லை. காவல்காரர் சாப்பிடப் போய்விட்டார். சிலுவைகளின் நிழல் அவற்றின் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. டக், டக். நின்றேன். டக். சந்தேகமே இல்லை, எங்கள் கல்லறைதான். மேல் பலகைக் கல் ஒரு முழம் விலகியிருந்தது. உள்ளே கறுப்பு.

முட்டி போடுவது எனக்குச் சாமானியக் காரியம் இல்லை. போட்டேன். தட்டுகிற சத்தம் சட்டென்று நின்றது.

“ரெஜினா” என்றேன்.  “இன்னும் ஆறு இன்ச்சு இருக்குடி. கொஞ்சம் பொறுத்துக்கோ. எப்படியாவது வந்துடறேன்.”

 கல்லறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

“தள்ளிக்கோ நைனா. வெளிச்சத்த மறைக்கிற.”

பேபியம்மா போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும். அவள் வாசலில் இருந்தாள். செருப்பு மட்டும் என் பக்கத்தில் இருந்தது. நானும் ஓடத்தான் நினைத்தேன், முட்டி எழவில்லை. அந்த இருட்டுக்குள்ளிருந்து முதலில் ஓர் உளி வந்தது. அப்புறம் ஒரு கை. அப்புறம் செங்கல் தூளில் சிவந்துபோன டேப்பின் தலை.

“நீ இளைக்க மாட்ட” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எதிர்த்த கடை பஜ்ஜி சட்டி என் கண்ணுக்கு நேரா கீது. தெனம் பாக்கறேன். அதான் செவுத்த கொத்தறேன். கேட்டா யாரு வுடுவாங்க? காவல்காரரு சோத்துக்குப் போறசொல்ல வந்து, அவரு வர்றதுக்குள்ள பூடுவேன்.”

“ஏன்ணே உங்களுக்கு இந்த வேல?”

“நான் அடிச்ச பொட்டி உள்ள போவாம வெளிய நின்னா கெட்ட பேரு யாருக்கு?” என்று முறைத்தார். பிறகு குரல் இறங்கியது. “ரெஜினாம்மாவ ஒண்ணும் தொந்தரவு பண்ணல. கோணி விரிச்சிதான் குந்திகினேன். வர்றசொல்ல, ‘அம்மா, நான்தான்’னு சொல்லிட்டுத்தான் உள்ள எறங்குவேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வெயிலில் பக்கத்துக் கல்லறை மேல் உட்கார்ந்து, பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் கணக்குச் சொன்னார்.

“இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை. இருவத்தேழு ஆயிடிச்சி. இதுக்கு மேல கொத்துனா அடுத்தவங்க வூட்டுக்குள்ள பூந்துடுவேன். மீதி மூணு இன்ச்சு உன்னுது.”

அதற்குப் பிறகு தினமும் காலையில் நடந்தேன். வீட்டிலிருந்து டோல்கேட் வரை போய்த் திரும்புவேன். கடையைத் தாண்டும்போது உள்ளேயிருந்து எண் வரும். இருபத்தொன்பதே முக்கால். இருபத்தொன்பது. தீபாவளிக்கு அடுத்த வாரம் மறுபடியும் இருபத்தொன்பதரை, கூடவே ஒரு கெட்ட வார்த்தை. கிறிஸ்துமஸ் கேக்கையும் சமாளித்து, தவக்காலத்தில் இருபத்தெட்டுக்கு வந்தேன். அன்று கடையிலிருந்து எட்டிப் பார்த்து, “பரவால்ல” என்றார். என் வாழ்நாளில் வாங்கிய பெரிய பட்டம் அதுதான்.

மறுவாரம் டேப்பு போய்விட்டார். மத்தியானம் பெஞ்சில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஊருக்கே பெட்டி அடித்தவர் தனக்கென்று ஒன்றும் செய்து வைத்திருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த தச்சர் அளவு கேட்டபோது, என் இடது கண் தானாக மூடியது. “பதினெட்டு” என்றேன். அவர் நம்பாமல் டேப் வைத்துப் பார்த்தார். இரண்டிரண்டு விரலோடு பதினெட்டேதான்.  ஒட்டு பெல்ட் இல்லாமல், பக்கத்து ஆளை நசுக்காமல், விமான சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் தெருவில் அவர்தான். மீனம்பாக்கம் விமான நிலையத்துப் பக்கம்கூட அவர் போனதில்லை.

இப்போதும் நடக்கிறேன். மூடிய ஷட்டருக்கு முன்னால் வந்ததும் கொஞ்சம் நிற்கிறேன். மற்றவர்கள் அளவெல்லாம் என் கண்ணுக்குத் தெரிகிறது, என் அளவு மட்டும் தெரியவில்லை. இருபத்தேழு ஆகிவிட்டேனா என்று சொல்ல ஆளில்லை.

போன வாரம் பேபியம்மா மறுபடி வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. உச்சி வெயிலில் எங்கள் கல்லறைப் பக்கம் டக், டக் என்று திரும்பவும் கேட்கிறதாம்.

எனக்குப் பயம் வரவில்லை. பாக்கி ஒரு இன்ச்சை நான் குறைப்பேன் என்று மனிதருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. நாளை மத்தியானம் போய், “போதும்ண்ணே, கொஞ்சம் படுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வரவேண்டும்.