சம்பந்தி வந்த அன்று பூசிய நல்லெண்ணெய்

எண்ணெயை நம்பினவள் கெட்டாள். இதை எனக்கு முதல் தரம் ஒரு தாச்சி படிப்பித்தது, இரண்டாம் தரம் ஒரு மெஷின்.

மகனின் கலியாணத்துக்குத் தட்டைவடை சுட்டுக்கொண்டு நின்றேன். (மெல்பேர்னில் கடையிலேயே வாங்கலாம் என்றாள் மகள் வதனி. என் மகனின் கலியாணத்துக்குக் கடை வடையா?) தாச்சி சரிந்து, கொதியெண்ணெய் முழங்காலுக்குக் கீழே கொட்டியது.

ஆஸ்பத்திரியில் தொடைத் தோலை உரித்துக் காலில் ஒட்டினார்கள். அதன் மேல் ஒரு ஸ்பொஞ்ச், அதை மூடி மெல்லிய பிளாஸ்டிக், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முடிவில் கட்டிலடியில் ஒரு சின்ன மெஷின். காயத்தில் ஊறுகிற நீரை அது உறிஞ்சி எடுக்கும். அந்த இழுவையில் புதுத்தோலும் அசையாமல் ஒட்டிக் கிடக்கும்.

"காத்துப் புகுந்தால் தோல் பிடிக்காதாம் அம்மா. திரும்ப உரிக்கவேணுமாம். பிறகு கலியாணத்துக்கு நடந்த மாதிரித்தான்," என்று டொக்டர் சொன்னதை வதனி எனக்குச் சொன்னாள்.

"விளங்குது, விளங்குது," என்றேன். காற்று விளங்கியது. எண்ணெயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே!

அடுத்த நாள் சம்பந்தி அம்மா ரோவில் பக்கமிருந்து பார்க்க வருகிறா என்று செய்தி வந்தது. காலைப் பார்த்தேன். பாதமும் முழங்காலும் சாம்பல் பூசின மாதிரி வெளிறிக் கிடந்தன. பெண் கொடுக்கிறவ இதையா பார்ப்பது? தலைக்கு வைக்க வதனி கொண்டுவந்த நல்லெண்ணெய் கட்டிலோர மேசை லாச்சியில் இருந்தது. வஞ்சகமில்லாமல் பூசினேன். பிளாஸ்டிக் விளிம்புக்குள்ளும் கொஞ்சம் தடவிவிட்டேன். (மினுக்கம் ஒரே மாதிரி இருக்கவேண்டாமா?) பிறகு போர்வையால் மூடிக்கொண்டேன்.

சம்பந்தி வந்து கதிரையில் இருந்ததுதான் தாமதம், மெஷின் கீ கீ என்று கத்தத் தொடங்கியது.

"அக்கா, உங்கட போன் அடிக்குது."

"ஓம், மகன்தான். பிறகு கதைப்பன்."

"விடாமல் எடுக்கிறாரே. அவசரமோ தெரியாது."

"அவன் அப்பிடித்தான். என்னோட கதைக்காட்டில் அவனுக்குச் சோறு இறங்காது."

சம்பந்தியின் முகம் சுருங்கியது. (என் மானத்தைக் காக்கப் போய் மாப்பிள்ளையின் மானத்தை விற்றேன்.) போனை எடுத்துத் தரலாம் என்று குனிந்தவ, குழாயில் நின்ற சிவப்புத் தண்ணீரைக் கண்டு "ஐயோ முருகா!" என்று கத்தினா.

நேர்ஸ் ஓடிவந்து போர்வையை விலக்கினாள். எண்ணெயில் ஒட்டுவிட்ட பிளாஸ்டிக்கின் ஓரம், காத்துப் புகுந்து பொரித்த அப்பளம் போலக் கிளம்பி நின்றது. தொட்டு மணந்து பார்த்தாள்.

"ஒயில்?"

"லிட்டில்," என்றேன்.

எண்ணெயைத் துடைத்துப் புதுப் பிளாஸ்டிக் ஒட்டி முடியும்வரை என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது சம்பந்திதான். மெஷின் அடங்கியது. எனக்குத்தான் நெஞ்சு அடங்கவில்லை. ஸ்பொஞ்சைக் கழற்றுகிற நாள்வரை கண்ட தெய்வத்துக்கெல்லாம் நேர்ந்தேன்.

கழற்றினார்கள். தோல் பிடித்திருந்தது. நான் எண்ணெயை உள்ளே விட்ட ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டளவு பிடிக்கவில்லை. அது தானாக ஆறி, இன்றும் வெள்ளையாக இருக்கிறது. கலியாணத்தன்று மணவறைவரைக்கும் நானே நடந்து போனேன்.

இப்போதும் என் போன் அடித்தால் போதும், "மாமி, காலைப் பாருங்கோ!" என்பாள் மருமகள். தீபாவளிக்குச் சம்பந்தி எல்லோருக்கும் தலைமுழுக்குக்கு நல்லெண்ணெய்ப் போத்தல் கொடுப்பா.

எனக்கு மட்டும் ஒரு சவுக்காரக் கட்டி.