ஏலக்கூடத்தில் தராசு அண்ணாச்சி

தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினம் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், முடிந்த வேலையை முடியாத வேலையாக்குவதில் தராசு அண்ணாச்சியை மிஞ்ச ஆள் கிடையாது.

பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் அறிக்கை எழுதுகிறவன், அவர் எடை எடுக்கிறவர். பிள்ளைகளை நிறுக்கும் தொங்கு தராசைத் தோளில் போட்டபடியே கல்யாண வீட்டுக்கும் வருவார்.

மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்தில் மாவு கொடுக்கத் தொடங்கியபோது அண்ணாச்சி வீடு வீடாகப் போய் எடை எடுத்தார். ஆறு மாதம் கழித்து, அலைச்சல் மிச்சம் என்று நான் காலை பத்து மணிக்கு ஒரே இடத்தில் முகாம் போட்டேன். வந்த பிள்ளைகள் எல்லாம் எடை கூடியிருந்தன. ‘மாவு வெற்றி’ என்று அறிக்கையை முடித்தேன். அண்ணாச்சி கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

“வந்தது பூரா மாடி வீட்டுப் பிள்ளையள்லா தம்பி. இல்லாதப்பட்டவ பத்து மணிக்கு மீன் ஏலத்துல நிப்பா. அவ பிள்ளைய யாரு நிறுக்க?”

“நாளைக்கு அனுப்பணும் அண்ணாச்சி. உசுர வாங்காதீய.”

“ஒங்க உசுரு எங்கனயும் போவாது” என்று தராசோடு ஏலக்கூடத்துக்கே கிளம்பிவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு பின்னால் போனேன். கூரைக் கம்பியில் தராசைக் கட்டி, சாளை மீன் கூடைகளுக்கு நடுவே, தாய்மாரோடு வந்த பிள்ளைகளை நிறுக்கிறார். “இது கிலோ என்ன வெல அண்ணாச்சி?” என்கிறான் ஒரு வியாபாரி. பிள்ளை வீறிட்டு அழுகிறது. என் சட்டையெல்லாம் மீன் தண்ணீர்.

அங்கே ஒரு பிள்ளைக்குக்கூட எடை ஏறவில்லை. “ஏளா, மாவு குடுக்கலியா?” என்று ஒரு தாயிடம் கேட்டார்.

“குடுத்தேன் அண்ணாச்சி. வீட்டுக்கு ஒரு பாக்கெட்டுதான தாரீய, எனக்கு நாலு பிள்ளைய. ஒண்ணு குடிக்க மூணு வாயப் பாக்குமா? நாலுக்கும் கலக்கி ஊத்திருதேன்.”

எனக்குச் சுருக்கென்றது. என் அறிக்கை அப்படியே போனால், ஒரு பாக்கெட்டே போதும் என்று முடிவாகிவிடும். அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டே, இருப்பவர் வீடு, இல்லாதவர் வீடு என்று இரண்டாகப் பிரித்து எழுதினேன். அறிக்கை மூன்று நாள் தாமதம்.

மேலதிகாரி குதித்தார். “நல்லா இருந்த ரிப்போர்ட்ட கெடுத்தது யாரு? அந்தத் தராசுக்காரனா? அவன மொதல்ல வீட்டுக்கு அனுப்புங்க.”

“நான்தான் சார் மாத்தினேன்” என்றேன். எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை.

திட்டு எனக்கு விழுந்தது, அவர் வேலை தப்பியது. திரேஸ்புரத்தில் இப்போது வீட்டில் எத்தனை பிள்ளையோ அத்தனை பாக்கெட் கொடுக்கிறார்கள். அண்ணாச்சியைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை. ஆனால் வேறு யாராவது அவரை ஒரு வார்த்தை சொன்னால், எனக்குப் பொறுக்கமாட்டேன் என்கிறது.