குலுங்காத சாலை

மனித குலத்தின் நடுக்கம் நின்ற நாள் என்று வரலாறு ஒரு நாளைக் குறிக்க நினைத்தால், மரக்காணம் ஹம்தான் ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கிய நாளைத்தான் குறிக்க வேண்டும். கை எவ்வளவு ஆடினாலும் உள்ளே இருக்கும் 'ஸ்டெபிலைசேஷன்' அந்த ஆட்டத்தை விழுங்கிவிடும். ஸ்டாண்டு வேண்டாம். முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாடியை முடி முடியாக எண்ணலாம். எண்ணிப் பார்த்த மாப்பிள்ளைகள் மகிழவில்லை என்பது வேறு விஷயம்.

இப்பேர்ப்பட்ட கலைஞன் ஊர்ப்பணியில் இறங்கியதற்குக் காரணம் மனைவி ஷாகிரா. அவளுக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக உப்பளத்தை ஒட்டி ஒரே ஒரு சாலை. அதைச் சாலை என்று சொல்லப் பெரிய மனசு வேண்டும்.

"இந்த ரோட்ல ஆட்டோ ஏறினேன்னா, ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள புள்ள வந்துடும்ங்க," என்றாள் அவள்.

ஹம்தான் உடனே கேமராவைத் தூக்கினான். நண்பன் மாயவனின் ஆட்டோவில் ஏறி, சாலை தூக்கித் தூக்கிப் போட்ட போட்டிலேயே படமெடுத்தான். தலை கம்பியில் இடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். விரல் மட்டும் கடமை தவறவில்லை. படங்களைக் கொண்டுபோய் 'உப்பளச் சாலைகள் பராமரிப்பு அலுவலக'த்தில் பொறியாளர் கன்னியப்பன் முன் வைத்தான்.

"ஓடற ஆட்டோல எடுத்ததா?" என்றார் கன்னியப்பன்.

"ஆமாங்க சார்."

"கொஞ்சம்கூட ஆடலியே. அப்போ ரோடு நல்லாத்தான் இருக்குது."

"சார், பள்ளம் தெரியுதே!"

"தண்ணி இல்ல தெரியுது? அது நீர்நிலை. எங்க ஆபீஸ்ல வராது."

உடனே அவசரக் கூட்டம் கூடியது. 'புகைப்படச் சான்றின்படி மேற்படி சாலை அதிர்வற்றது' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கேசரியும் நன்றாக இருந்தது.

வெளியே மாயவன் கேட்டான்: "ஏம்பா, அந்த ஆட்டம் நிறுத்தற சமாச்சாரத்தை ஆஃப் பண்ணிட்டு எடுக்கக் கூடாதா?"

ஹம்தான் புண்பட்டுப் போனான். "கலங்கின படமா? என் பேர்லயா? ஊர் குலுங்கட்டும்டா, படம் குலுங்கலாமா?"

மறுநாள் இன்னும் நல்ல லென்ஸ் போட்டு எடுத்தான். படம் இன்னும் தெளிவாக வந்தது. சாலைக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

அடுத்த வாரம் ஷாகிராவுக்கு வலி கண்டது. மாயவன் முடிந்தவரை மெதுவாகத்தான் ஓட்டினான். ஆனாலும் ஒரு 'நீர்நிலை'யில் சக்கரம் இறங்கி ஏறியதும் அவள் அலறினாள். உப்பு வாரிக்கொண்டிருந்த சவரியம்மாள் ஓடிவந்து, இரண்டு பெண்களைச் சேலை பிடித்து மறைக்கச் சொல்லி, ஆட்டோவிலேயே பிள்ளையை வாங்கினார். பெண் குழந்தை. ஹம்தான் விம்மி விம்மி அழுதான். வண்டி மறுபடி குதித்துப் புறப்பட்டதும், அழுகைக்கு நடுவே கை தானாகக் கேமராவை எடுத்துக் குழந்தையின் முகத்தைப் படம்பிடித்தது.

மறுநாள் அந்தப் படத்தோடு ஆவேசமாக அலுவலகத்தில் நுழைந்தான். "பாருங்க சார்! உங்க ரோடு குலுக்கின குலுக்கல்ல, ஆட்டோலயே பொறந்துடுச்சு!"

கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இமை முடியைக்கூட எண்ணலாம் போல இருக்குதே! தம்பி, ஓடற ஆட்டோல பிரசவமே பாக்கலாம்னா, எவ்ளோ ஸ்மூத்தான ரோடு இது!"

தாயும் பிள்ளையும் வீடு திரும்பிய அன்று சாலைக்குக் குறுக்கே பேனர் தொங்கியது. குழந்தையின் முகம் ஆளுயரத்துக்கு. கீழே: 'தாயும் சேயும் நலம், எங்கள் சாலையில்!'

ஆட்டோ குதித்தது. ஹம்தான் தலையைத் தேய்த்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். வெட்கமில்லாமல் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "எவ்ளோ ஷார்ப்பா வந்திருக்குது பாரு, ஷாகிரா."

அவள் ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் கம்பியையும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"உங்க கேமராவுல என்னங்க பெரிய ஸ்டெபிலைசேஷன்? அந்த ஆபீஸைப் பாருங்க. நடுரோட்ல ஒரு புள்ளயே பொறந்துடுச்சு, இம்மி அசையல."