வெர்லீனின் கொடிக்கயிறு

"வாசல் தாழ்வாரத்துல துணி தொங்கினா நம்ம தெருவோட மானமே—"

"தொங்கலைன்னாதான் மானம் போகும், ப்ரூயிட். நான் எதைப் போட்டுக்கிட்டு வெளியே வர்றது?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர், பழைய வீடுகள் பாதுகாப்புக் குழுவின் தலைவர் ப்ரூயிட். இந்தப் பக்கம், ஈரத் தலையணை உறையை உதறியபடி மிஸ் வெர்லீன். கேமல்லியா தெருவில் எந்த வீடானாலும் நூற்றைம்பது வயசைத் தாண்டியது. ஓர் ஆணி மாற்றவும் குழுவைக் கேட்க வேண்டும்.

கொல்லையில் காயப்போடலாமே என்றார் அவர். கொல்லை முழுக்க ஓக் மரத்து நிழல். அதில் ஒரு கிளையைத் தொடவிடாததும் உங்கள் குழுதானே என்றாள். மெஷினில் உலர்த்தினால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். தன் துணி தன் வீட்டு வெயிலில் காய வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

"அந்தக் காலத்து ஆளுங்க ஈரத்தோடயா திரிஞ்சாங்க?"

"அந்தக் காலத்துத் துணின்னா தாராளமா காயப்போடுங்க, மிஸ் வெர்லீன்," என்று சொல்லிவிட்டு ப்ரூயிட் நடையைக் கட்டினார்.

சொல்லியிருக்கக் கூடாது. வெர்லீன் பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து, முழங்காலில் சுருக்கு வைத்த, கொள்ளுப்பாட்டி காலத்து உள்காற்சட்டைகளாகத் தைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பமே குடியேறலாம். கஞ்சி போட்டுக் கொடியில் மாட்டினாள். காற்றடித்ததும் அவை உப்பிக்கொண்டு தெருவை நோக்கி உதைத்தன.

ப்ரூயிட் வெந்து போவார் என்று காத்திருந்தாள். வந்து நின்றதோ, வெளியூர்க்காரர்களுக்குப் பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் கிளியோஃபஸின் கோவேறு கழுதை வண்டி. அதிலிருந்த சுற்றுலாக்காரர்கள் படமாக எடுத்துத் தள்ளினார்கள். அவர்களை விரட்ட, பின்பக்கம் ஒட்டுப்போட்ட இன்னும் பெரிய காற்சட்டை ஒன்றைத் தொங்கவிட்டாள். மறுநாள் வண்டிகள் வரிசையில் நின்றன. வெளியே வந்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். இதுவும் காட்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். எதிர்வீட்டு ப்ரூயிட்டோ அவளைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியைத் தூக்கிச் சிரித்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இதற்கிடையே கொடியில் இடமில்லாமல் அவளுடைய சொந்தத் துணியெல்லாம் கொல்லை நிழலில் பூஞ்சை பிடித்து நாறியது.

போதும் என்று ஒரு காலையில் காற்சட்டைகள் அத்தனையையும் உருவிப் போட்டாள். தன் சூரியகாந்திப் பூ நைட்டியைத் தெரு பார்க்க மாட்டினாள். இப்போது வரட்டும் அந்த ஆள் என்று இடுப்பில் கைவைத்து நின்றாள்.

கிளியோஃபஸ் வண்டியை ஓரங்கட்டி இறங்கி வந்தார். தரையில் கிடந்த காற்சட்டையை எடுத்துத் தூசி தட்டி, பயபக்தியோடு அவள் கையில் கொடுத்தார்.

"திரும்ப மாட்டிடுங்க, மிஸ் வெர்லீன். இதுங்களையும் பாதுகாக்க வேண்டிய பொருள்னு நேத்து குழு பட்டியல்ல சேர்த்துட்டாங்க. இனிமே கொடியிலேர்ந்து இறக்கணும்னா ப்ரூயிட் ஐயா அனுமதி வேணுமாம்."