நாற்பத்தோரு கெட்ட வார்த்தைகள்

நான் செய்த கேவலமான காரியங்களில் பாதிக்கு மேல் வயதைக் காரணம் காட்டித் தப்பித்துவிடுவேன். இந்த ஒன்றுக்கு அது செல்லாது. இதைச் செய்தபோது எனக்கு இருபத்தாறு வயது. தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தேன். மூக்குக் கண்ணாடிகூடப் போட்டிருந்தேன் (பவர் ரொம்பக் குறைவு. படித்தவன் மாதிரி தெரியட்டுமே என்று போட்டது).

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீடு ராயபுரம். அப்பா அருளப்பன் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுபவர். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்கும் வேலை. வீட்டில் நாங்கள் அவரை நைனா என்போம். பள்ளியில் யாராவது கேட்டால் மட்டும் "தந்தையார் துறைமுகத்தில் பணிபுரிகிறார்" என்பேன். கேட்டவர் ஒரு ஏசி அறையையும் சுழல் நாற்காலியையும் கற்பனை செய்துகொள்வார். நான் தடுக்கமாட்டேன். பேச்சும் அப்படித்தான். ராயபுரத்தில் பஸ் ஏறும்வரை 'இன்னா', 'கீது'. திருவொற்றியூர்த் தேரடியில் இறங்கும்போது வானொலிச் செய்தி.

எங்கள் தலைமையாசிரியைக்கு ஒரு கவலை இருந்தது. பிளஸ் ஒன் பையன்களில் பலர் பாதிப் படிப்பில் துறைமுகத்துக்கோ எண்ணூர்ப் பக்கமோ கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சமயம் துறைமுகக் கூலிகளைப் பற்றி ஒரு படம் வந்திருந்தது (தியேட்டரில் ஒரு வாரம்தான் ஓடியது). சரக்குக் கயிறு அறுந்து ஒருவன் செத்துப்போகிறான். அவன் மனைவி நியாயம் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள். இதை வகுப்பில் போட்டுக் காட்டினால் நாலு பேராவது படிப்பை விடாமல் இருப்பார்கள் என்று அவர் நம்பினார். ஆனால் படத்தில் கெட்ட வார்த்தை அதிகம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"லாரன்ஸ் சார், நீங்க தமிழ் வாத்தியார். பாத்துட்டுச் சொல்லுங்க, பசங்களுக்குக் காட்டலாமா கூடாதான்னு."

அன்றைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாலும் உட்கார்ந்து வந்த மாதிரிதான் இருந்தது. அவ்வளவு கர்வம்.

படத்தின் கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, நைனா பர்மா பஜாரில் வாங்கிய வீடியோ டெக்கில் போட்டேன். நைனாவும் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்கிற இடத்திலெல்லாம் நான் எழுதினேன்.

"இன்னாடா எழுதிகினே கீற?"

"ஸ்கூல் வேல நைனா. இந்தப் படத்த பசங்களுக்குக் காட்டப் போறாங்க."

"நம்ப ஹார்பர் கதையவா? இஸ்கூல்லயா?" அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பள்ளியில் டிவி மட்டும்தான் இருக்கிறது, டெக் இல்லை என்று தெரிந்ததும், "நானே எத்துகினு வரேன்" என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று மூன்று விதமாகச் சொன்னேன். சனிக்கிழமை காலை, கோயிலுக்கு மட்டும் போடுகிற சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, டெக்கைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்து, ஆட்டோவில் வந்து இறங்கினார்.

தலைமையாசிரியையின் அறை. டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் சொருகிக்கொண்டிருந்த நைனாவைப் பார்த்து அவர் என்னிடம் கேட்டார்: "இவர் யாரு சார்?"

கேள்வி சுலபம். பதிலும் ஒரே வார்த்தை. நான் சொன்னது இது:

"டெக் கொண்டு வந்தவர், மேடம்."

நைனா நிமிரவில்லை. கடைசி ஒயரையும் சரியாகச் சொருகினார். பிறகு வெளியே போய், கதவோரம் கிடந்த மாணவர் பெஞ்சில், வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். (புனித பேதுரு மூன்று தடவை மறுதலித்தார் என்று ஞாயிறு மறைக்கல்வியில் படித்தபோது, இப்படியும் ஒரு ஆளா என்று எனக்குக் கோபம் வந்திருக்கிறது.)

சற்று நேரத்தில் பெற்றோர் கழகத்தின் சார்பில் செல்வியக்கா வந்தார். மீன் விற்பவர். மகள் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன். படத்தை ஏற்கெனவே தியேட்டரில் பார்த்துவிட்டேன் என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பட்டியலை எடுத்தேன். மொத்தம் நாற்பத்தோரு வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வரும் நிமிடம், யார் சொல்கிறார்கள், ஆபாசத்தின் அளவு. மிக மோசமானவை முதலில். கட்டம் கட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது.

"படிங்க சார்" என்றார் தலைமையாசிரியை.

அப்போதுதான் பிரச்சினை புரிந்தது. முதல் ஆறு வார்த்தைகளை ஒரு பெண்மணி முன்னால் வாயால் சொல்ல முடியாது.

"முதல் சொல்... 'தே' என்னும் எழுத்தில் தொடங்குகிறது, மேடம்."

"தேங்காய்?"

"இல்லை மேடம். அடுத்தது, 'ஓ'."

"ஓணானா?"

செல்வியக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் வியர்வையோடு ஏழாவது வார்த்தைக்குத் தாவினேன். அதிலிருந்து எனக்குக் கூச்சமே இல்லை. உரக்கப் படித்தேன்.

"கஸ்மாலம். கலீஜ். பேஜாரு. சோமாரி. இன்னா. நைனா."

செல்வியக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சார், நைனா இன்னா கெட்ட வார்த்தையா? எங்கப்பாவ நான் அப்டித்தானே கூப்புடறேன்."

நான் விளக்கினேன். அந்த விளக்கத்தை இன்றைக்கு எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். "கெட்ட வார்த்தை என்று சொல்லவில்லை அம்மா. கொச்சை. படிப்பறிவில்லாத அடித்தட்டு மக்களின் வழக்கு. இதைக் கேட்டால் மாணவர்கள் நாக்கு கெட்டுவிடும்."

"எம் பொண்ணு நாக்கு தெனம் எங்கூடத்தான் சார் பேசுது" என்றார் அவர். சத்தமே இல்லாமல் சொன்னார். "அந்தப் படத்துல ஒரு ஆபீசரு வரான். செத்தவன் பொண்டாட்டிய, 'தயவுசெய்து நாளை வாருங்கள் அம்மா'ன்னு பத்து வாட்டி துரத்தியடிக்கிறான். எனுக்கு அதான் சார் அசிங்கமா இருந்திச்சி. அத்த எழுதிகினியா?"

எழுதவில்லை. அந்த ஆபீசரின் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று ஓரத்தில் குறித்திருந்தேன்.

தலைமையாசிரியை அந்தக் காட்சியைப் பார்க்க விரும்பினார். நான் டெக்கின் பட்டனை அமுக்கினேன். பதற்றத்தில் எதை அமுக்கினேனோ, கரகரவென்று ஒரு சத்தம், கேசட் மாட்டிக்கொண்டது. தலைமையாசிரியை வாசலைப் பார்த்து, "டெக் கொண்டு வந்தவரே, கொஞ்சம் உள்ள வாங்க!" என்று கூப்பிட்டார்.

நைனா வந்தார். கதவு திறந்தேதான் இருந்தது, முழுவதையும் கேட்டிருக்கிறார் என்பது அவர் பேசியதும் தெரிந்துவிட்டது.

"மன்னிக்க வேண்டும், அம்மா. நாடா... சிக்கிக்கொண்டு இருக்கிறது. நான் எடுத்துத் தருகிறேன்."

என் இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் ஈரத்தரையில் கால் வைப்பதுபோல வைத்தார். அந்த நாற்பத்தொன்றில் ஒன்றுகூட வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசினார்.

செல்வியக்கா நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "இன்னாண்ணா, நீயா? இன்னாத்துக்கு இப்டி நூசு வாசிக்கிற? என்னியத் தெர்ல? உன் கேங்ல வேல செய்யற மணி பொண்டாட்டி!"

நைனா கேசட்டை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. "நீங்கள்... வேறு யாரையோ நினைத்துக்கொண்டு..."

என்னைக் காப்பாற்றத்தான் அவர் அப்படிச் சொன்னார். செல்வியக்கா என்னை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப இது லாரன்சு! கண்ணாடி போட்டுகினு அடையாளமே தெர்ல. உம் புள்ள வாத்தியாராயிட்டான்னு ஹார்பர் பூரா முட்டாய் குட்த்தியே, அவன்தானே?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அழுக்கே இல்லாத கண்ணாடியை அவ்வளவு நேரம் துடைத்த மனிதன் வேறு எவனும் இருக்க முடியாது.

தலைமையாசிரியை எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கய்யா" என்றார் நைனாவிடம். பிறகு என் பட்டியலைக் கையில் வாங்கி, சிவப்புப் பேனாவால் ஏழிலிருந்து நாற்பத்தொன்றுவரை ஒரே கோடாக அடித்தார். பரீட்சைத் தாளில் தப்பான விடையை அடிப்பாரே, அதே மாதிரி. கீழே எழுதினார்: 'காட்டலாம். முதல் ஆறுக்கு மட்டும் சத்தத்தைக் குறைக்கவும். பொறுப்பு: திரு. லாரன்ஸ்.'

திரும்பும்போது, காசிமேடு தாண்டியதும் நைனா ஆட்டோ டிரைவரிடம், "தம்பி, சற்று மெதுவாகச் செல்லுங்கள். மேடு பள்ளம் அதிகமாக இருக்கிறது" என்றார். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா சார், பெர்சு என்னியக் கலாய்க்கிதா?" என்று கேட்டான்.

"நைனா, போதும் நைனா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் டெக்கை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "நான் இன்னாடா கண்டேன். நீ படிச்சவன். தப்புன்னு நீ சொன்னா தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன்." கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

அடுத்த வாரம் படத்தைக் காட்டினோம். ரிமோட் என் கையில். ஆறு முறையும் தாமதமாக அமுக்கினேன். ஆறு கெட்ட வார்த்தைகளும் வகுப்பில் கணீரென்று ஒலித்தன. அவற்றை அடுத்து வந்த நல்ல வசனங்கள்தான் ஊமையாகின. பையன்கள் கைதட்டினார்கள். ஆனால் அந்த மனைவி ஆபீஸ் வாசலில் நிற்கும் காட்சியில் ஒருவன்கூடச் சத்தம் போடவில்லை. செல்வியக்காவின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு வருஷம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா, "தாங்கள்...?" என்று இழுத்தார். நைனா சிரிக்காமல் சொன்னார்: "நானா? டெக் கொண்டாந்தவன்." என் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது, செல்வியக்கா ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தார். அதிலிருந்து கல்யாணமோ ஞானஸ்நானமோ, யார் வந்து கேட்டாலும் அவர் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். என் மகள் அவரை 'டெக் தாத்தா' என்றே கூப்பிடுகிறாள். டெக் என்றால் என்னவென்றுகூட அவளுக்குத் தெரியாது.

போன மாதம் அவள் அவரிடம் கேட்டாள், "உனக்கு ஏன் தாத்தா அந்தப் பேரு?"

"அந்தக் காலத்துல இஸ்கூலுக்கு ஒரு டெக் எத்துகினு போனேன். உங்கப்பன் அங்க பெரிய வாத்தியாரு" என்றார் நைனா. அதற்கு மேல் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.